சாப்பிடாமல் பசியாறுவது

சிங்கப்பூர்,
மார்ச் 1957

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை கேட்டபோது 'எனக்குத் தெரியவில்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது மனத்தைக் குடைகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அந்தச் செவ்வாயன்று பள்ளியில் எனக்கு மாதிரிப் பாடம். அதில் தேறினால்தான் ஆசிரியை வேலை, கூடவே பிற்பகலில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. இல்லையென்றால் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற வேண்டியதுதான். தலைமையாசிரியை உர்சுலா அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று சந்திரமதி என்ற சிறுமியைக் கேட்டேன்.

"சாப்பிடலை டீச்சர். பசியாறிட்டேன்."

"சாப்பிடாமல் எப்படிப் பசி ஆறும்?"

"டீச்சருக்குப் பசியாறவே தெரியலை லா!" என்று இன்னொருத்தி இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வையும் சேர்த்துக் கத்த, வகுப்பே சிரித்தது.

வெளியே வந்ததும் அம்மையார், "இங்க காலையில ரொட்டி தின்னா அது பசியாறுறது. சோறு தின்னாதான் சாப்பாடு. இப்பச் சொல்லுங்க, பிள்ளை பேசினது தப்பா, சரியா?" என்றார். படித்த இலக்கணம் எதுவும் இதற்கு உதவவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் வேலை கொடுத்துவிட்டார்கள். ஏனென்று இன்னும் விளங்கவில்லை.

யாராவது கப்பலில் வந்தால் என் தமிழ் அகராதியைக் கொடுத்தனுப்புங்கள். அதில் இந்தப் பொருள் இருக்குமா என்பதும் சந்தேகம்தான். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் வையுங்கள். பயிற்சி வகுப்புக்கு நேரமாகிறது.

இன்று காலை பள்ளி வாசலில் சந்திரமதி, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றாள். "ஆச்சு" என்றேன், உண்மையில் அப்போது ஒன்றும் தின்றிருக்கவில்லை. பிறகு இடைவேளையில் ரொட்டி வாங்கிப் பசியாறினேன்.

உங்கள் மகள்,
நீலாயதாட்சி