இடது ஓரத்து நீளப் பாஸ்

14 செப்டம்பர் 1998, திங்கள்

இன்றும் பந்தைப் பிடித்தவன் எதிராளிதான். பதினேழு முறை எறிந்தேன். பதினொன்று எதிராளி கையில், ஆறு தரையில். என் ஆள் ஒருவன்கூடத் தொடவில்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவதுதான் வேலை என்றால் யார் நம்புவார்கள்? அமெரிக்கக் கம்பெனி ஒன்று தன் ஊர்க் கால்பந்தை வைத்து ஒரு கேம் செய்து, எங்கெங்கே தப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி மைசூர் அக்ரஹாரத்தில் இருக்கும் எங்கள் மாடி ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறது. பெயர்தான் கால்பந்து. காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் கையால் எறிவார்கள், பிடித்தவனைக் கட்டிக்கொண்டு உருளுவார்கள். பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கிறது. தேங்காய்க் கடைக்காரர் மகளுக்கு அதுவாவது கை கொடுக்க வேண்டாமா?

16 செப்டம்பர், புதன்

மேனேஜர் நஞ்சுண்டசாமி சார் என் ஷீட்டைப் பார்த்துவிட்டார். அதில் நாற்பது வரி. ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை. இப்படி எறி, நம் ஆள் பிடித்ததும் ஸ்கோர் சரியாக ஏறுகிறதா பார், கூட்டம் கத்துகிறதா பார். பிடித்தால்தானே பார்க்க! எறிவது சம்பந்தப்பட்ட பன்னிரண்டு வரியிலும் ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுதி வைத்திருந்தேன்.

“நோடம்மா மாதேவி, கேம் சரியில்லையா, நீ சரியில்லையா?” என்றார். ‘இங்கே பாரம்மா’ என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லிவிட்டு மற்றதைத் தமிழில் கேட்டால்தான் எனக்கு உறைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. “நவம்பர் முப்பது வரைக்கும் டிரெய்னிங். பன்னெண்டும் முடிச்சா பர்மனென்ட். இல்லாட்டி...”

மீதி எனக்குத் தெரியாதா? மாதேஸ்வரன் மலையில் அப்பாவின் கடை. மூன்று மாதம் பார், வேலை நிலைக்கவில்லை என்றால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினார். கடை ஒன்றும் மட்டமில்லை. தமிழ் பேசும் பக்தருக்குத் தமிழிலும் கன்னடக்காரருக்குக் கன்னடத்திலும் தேங்காய் விற்று வளர்ந்தவள்தான் நான். ஆனால் எனக்கு இங்கே இருக்க வேண்டும். மண்டி மொஹல்லாவில் கௌரம்மா வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. என் பூட்டு, என் சாவி. இதை விட்டுவிட்டுப் போக முடியாது. போக மாட்டேன்.

22 செப்டம்பர், செவ்வாய்

பக்கத்து மெஷின் சுரேந்தர் இன்று எனக்கு வாத்தியார். மைசூரிலேயே பிறந்த தமிழன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான். ஞாயிறானால் கிரிக்கெட்.

திரையில் ஒரு சிவப்புக் குறி இருக்கிறது. அதை நகர்த்தி வைத்து பட்டனைத் தட்டினால் பந்து அங்கே போகும். “ஸ்டம்புக்கு எறியற மாதிரி நேரா ஆள் மேலயே வை. சும்னே பயப்படாதே, அஷ்டே” என்றான். வீணாகப் பயப்படாதே, அவ்வளவுதான் என்கிறான். வைத்தேன். பந்து போய்ச் சேருவதற்குள் என் ஆள் நாலடி ஓடிப்போயிருக்கிறான். பின்னாலேயே வந்த எதிராளி வாங்கிக்கொண்டு போகிறான்.

23 செப்டம்பர், புதன்

ஒன்பது எறிந்தேன். ஒன்பதும் அவர்களுக்கே. எனக்கு மாலை போட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

6 அக்டோபர், செவ்வாய்

ஒரு வழி கிடைத்தது! ஓடாமல் நிற்கிறவனுக்கு எறிந்தால் பிடிக்கிறான். ஐந்து வரி முடிந்தது. மீதி ஏழு வரியிலும் ஓடுகிறவர்கள். ஏன் இப்படி ஓடுகிறார்கள்? நின்று வாங்கிக்கொண்டு அப்புறம் ஓடினால் என்ன குறைந்துவிடும்?

9 அக்டோபர், வெள்ளி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வரி 27, இடது ஓரத்து நீளப் பாஸ். அந்த ஓரமாக ஓடுகிறவனுக்கு வெகுதூரம் எறிய வேண்டும். ஏழிலும் இதுதான் ராட்சசன். சுரேந்தர் தன் ஷீட்டை என் பக்கம் தள்ளி, “நான் பார்த்தாச்சு, சரியா இருக்கு. பார்த்து எழுதிக்கோ” என்றான். நானும் ‘சரி’ என்று எழுதிவிட்டேன்.

ஏன்டி எழுதின? தெரியல.

17 அக்டோபர், சனி

தீபாவளிக்கு ஊர். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. மலைக்குப் போகிற பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டு சீட் பிடித்தேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே கைவந்த கலை. பக்கத்தில் நின்றவர் போட்ட துண்டு ஜன்னல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது.

“எப்படிம்மா ஒரே வீச்சுல போட்டே?”

“ஜன்னலைப் பார்த்துப் போடக் கூடாதுங்க. பஸ்ஸு நகருதில்லீங்களா, ஜன்னல் வரப்போற எடத்துக்குப் போடோணும்.”

பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கொள்ளேகால் தாண்டியபோதுதான் உறைத்தது. “அடிப் பாவி!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டு அம்மா மலை வரை என்னோடு பேசவில்லை.

19 அக்டோபர், திங்கள்

தீபாவளி. கடையில் நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை. அமாவாசைக் கூட்டம். இடையில் அப்பா, “வேலை எப்படி இருக்குது அம்மிணி? அடுத்த மாசம் முப்பதாந் தேதி வரட்டா, வேண்டாமா? சொல்லிப்போடு” என்றார். தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? ஒரு தேங்காயை எடுத்து, ஓடுகிற குரங்குக்கு முன்னால் எறிந்து பார்க்கலாமா என்று தோன்றியது. அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

22 அக்டோபர், வியாழன்

பிடித்தான்! பிடித்தான்! பிடித்தான்!

ஓடுகிறவனுக்கு நாலடி முன்னால், ஆளே இல்லாத இடத்தில் குறியை வைத்தேன். பந்தும் அவனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். கீழே சைக்கிள் கடையிலிருந்து ஆள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனான்.

4 நவம்பர், புதன்

ஆறு வரியும் முடிந்தது. இன்று 27-ஐ உண்மையாகவே போட்டேன். இடது ஓரம், நீளம். பிடித்தான், ஓடினான், கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி ஏறியது — எதிராளிக்கு!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். நாலு தடவை. நாலு தடவையும் எதிராளிக்கே ஆறு. அவர்களுக்கே எறிந்து பழகிய கை என்று கேமுக்கும் தெரிந்துவிட்டதா என்ன?

சுரேந்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கும் 27 ஒரு தடவைகூட வரவே இல்லையாம். “நாலு நாள் டிரை பண்ணேன், ஆகலே. யாரு பார்க்கப் போறாங்கன்னு எழுதிட்டேன்” என்கிறான். அந்த ஷீட்டுகள் போன மாதமே அமெரிக்காவுக்கு ஃபேக்ஸ் ஆகிவிட்டன. இரண்டு பேர் ‘சரி’ என்று எழுதியிருக்கிறோம். இப்போது சொன்னால் நான் பொய் எழுதியதும் தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

5 நவம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன். என் ‘சரி’ பார்க்காமல் எழுதியது என்று மட்டும் சொன்னேன். சுரேந்தரைப் பற்றிக் கேளாமலே சாருக்குப் புரிந்துவிட்டது, அவன் ஷீட்டும் அவர் மேஜையில்தானே இருக்கிறது. இருவருக்கும் அர்ச்சனை நடந்தது. கதவு திறந்தே இருந்ததால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வேலை போனது என்றுதான் நினைக்கிறேன். சுரேந்தர் என் பக்கம் திரும்பவே இல்லை.

7 நவம்பர், சனி

“ஏய் மாதேவி, அந்த நாலடி முன்னால வைக்கிறதை எனக்கும் காட்டு” என்றான் சுரேந்தர். கோபம் போய்விட்டது. காட்டினேன். அவனுக்கு ஒரு நாள் பூராவும் வரவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே எழுத வேண்டாம்.

24 நவம்பர், செவ்வாய்

27-ஐப் பற்றி சார் அனுப்பிய ஃபேக்ஸுக்கு அமெரிக்காவிலிருந்து பதில் இல்லை. வேலை உண்டா இல்லையா என்பது இன்னும் தெரியாது. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அப்புறம் எடுத்தேன். அப்புறம் மறுபடி வைத்தேன்.

30 நவம்பர், திங்கள்

அப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து நேராக ஆபீசுக்கு ஏறிவிட்டார். மஞ்சள் பையில் என் படுக்கையைக் கட்டப் புதுக் கயிறு. என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். அவருக்குக் காட்ட ஒரு பாஸ் போட்டேன்.

“அங்க ஆருமே இல்லியே அம்மிணி, எங்க கொண்டு போடறே?”

அதற்குள் என் ஆள் வந்து பிடித்தான். அப்பா முன்னால் குனிந்து, “வந்துட்டானே!” என்றார். “அவன் வருவான்னு உனக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டார்.

அப்போது சார் கூப்பிட்டார். ஃபேக்ஸ் வந்துவிட்டது. 27-ஆம் வரித் தப்பு அவர்களுக்கே தெரியாதாம். சார் பர்மனென்ட் கடிதத்தை நீட்டி, “இனிமே தப்பைக் கேம்ல கண்டுபிடி. ஷீட்ல பண்ணாதே” என்றார். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கடிதத்தை வாங்கி, என் பெயர் எங்கே என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

மத்தியானம் அறைக்கு வந்ததும் பையிலிருந்து கயிற்றை எடுத்தார். அப்பாவுக்குப் புரியவில்லையா? நான் வரலீங்கப்பா, நான் வரல— சொல்ல வாயெடுப்பதற்குள் முக்காலி மேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கும் கதவோரத்து ஆணிக்குமாகக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

“ஈரத் துணியைக் கதவு மேலயே போட்டு வெச்சிருக்கிறே. கொடி இல்லாம எப்படி?”

மீந்த கயிற்றை வெட்டாமல் சுருட்டி ஆணியில் மாட்டினார். காப்பி குடித்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்குத் தனியாகக் கிளம்பினார்.