கை நனைக்காத சம்பந்தி

விழுப்புரம்
9.6.2025

மரியாதைக்குரிய சம்பந்தி ராஜசேகர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவி ஜெயமும் நலம். அங்கு நீங்களும், சம்பந்தியம்மாள் பவுனு அவர்களும், மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனும், என் மகள் தேவயானியும் நலமாயிருக்க வேண்டும்.

போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன். தேவயானியின் சீமந்தத்துக்கு நாள் குறிக்க வந்த இடத்தில், திண்டிவனம் பைபாஸில் இருக்கும் உங்கள் பாஸ்ட் புட் கடையில் நான் நடந்துகொண்ட விதம் உங்களை வருத்தியிருக்கும். என்ன எண்ணெய் என்று மாஸ்டர் பூமாலையிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அடுப்புச் சத்தத்தில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் சற்று உரக்கக் கேட்கும்படி ஆகிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த குடும்பம் அதைக் கேட்டு எழுந்து போகும் என்று நான் நினைக்கவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு சூரியகாந்தி, சோயா, பருத்திக்கொட்டை போன்ற விதை எண்ணெய்களைப் பற்றி நிறையப் படித்தேன். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். படித்ததை விட முடியவில்லை. படித்தது முழுக்கச் சரியா என்றும் தெரியவில்லை. டாக்டர் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வெளியில் சாப்பிட நேர்ந்தால் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் எண்ணெயைக் கேட்பேன். ஆவியில் வெந்தது இருந்தால் அதை வாங்குவேன். இல்லாவிட்டால் நான் கொண்டுபோகும் டப்பாவில் உள்ள நெய்யை ஊற்றித் தோசை வார்க்கச் சொல்வேன். பொரித்ததைத் தொட மாட்டேன். உங்கள் கடையில் பொரித்ததும் வதக்கியதும்தான் இருந்தன. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. மன்னிக்க வேண்டும்.

நாள் குறித்துச் சொன்னால் ஜெயம் புடவையும் வளையலும் எடுத்துவைப்பாள். சீமந்தம் முடிந்ததும் தேவயானியைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். அவளுக்கு அறையைக்கூட வெள்ளையடித்துவிட்டோம்.

தங்கள் அன்புள்ள,
அ. சீனுவாசன்


திண்டிவனம்
14.6.2025

சம்பந்தி வாத்தியாருக்கு ராஜசேகர் எழுதறது.

நான் எட்டாவதோட நின்னவன். தப்பு இருந்தா செவப்பு மையில திருத்திக்குங்க. போன் போட்டா நீங்க ம், ம்ன்றீங்க. அதனால கடுதாசி.

வயிறு சரியில்லன்னு சொன்னீங்க, நம்பினேன். மோர் வாங்கியாரச் சொல்லி பூமாலைய உங்க பின்னாலயே அனுப்பினேன். நீங்க பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு வாழப்பழம் உரிச்சுத் தின்னுக்கினு இருந்தீங்களாம். அவன் மோரோட திரும்பி வந்து சொல்றான். கடையில அத்தினி பேர் இருந்தாங்க. எனக்கு எப்படி இருக்கும் சார்? என் கடை வாசல்ல விஷம்னு போர்டு மாட்டியிருந்தாகூட இவ்ளோ பேஜாரு ஆயிருக்காது.

சம்பந்தி வூட்ல கை நனைக்காம எழுந்து போனா ஒறவே வேணாம்னு அர்த்தம். இது எங்க ஊரு ஒலக்கூர்ல மாடு ஓட்டறவனுக்குத் தெரியும். படிச்சவங்களுக்குத் தெரியாதா?

வெதை எண்ணெய் ஆவாதுன்றீங்க. ஒலக்கூர்ல எங்க அண்ணன் நெலம் பூரா மல்லாட்டை, உங்க பாஷையில வேர்க்கடலை. மல்லாட்டை என்ன சார், வெதை இல்லாம மாங்காயா? உங்க பொண்ணு கல்யாணத்துல வடை எதுல சுட்டாங்க? அன்னிக்குக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னீங்க. எல போட்டவனே நான்தான்.

நாள் குறிக்கணும்னா ஒரே வழி. என் கடைக்கு வாங்க. நடு மேசையில ஒக்காருங்க. எல்லாரும் தின்றத நீங்களும் தின்னுங்க. அப்புறம் சீமந்தம், அப்புறம் உங்க பொண்ணு உங்க வூட்டுக்கு. இல்லன்னா பிரசவம் இங்கதான்.

ராஜசேகர்


விழுப்புரம்
17.6.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மல்லாட்டையும் விதைதான், எள்ளும் விதைதான். இதை நானும் யோசித்திருக்கிறேன். செக்கில் ஆட்டியது வேறு, டின்னில் வருவது வேறு என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொள்வேன். அது போதுமான பதிலா என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி வருகிறேன். ஒரு சிறு வேண்டுகோள். கடைக்குப் பதில் வீட்டில் சாப்பிடலாமா? சம்பந்தியம்மாள் கேப்பைக் கூழ் ஊற்றினாலும் எனக்கு நிறைவுதான். அதுவும் கை நனைத்ததாகத்தானே ஆகும்? கடையில்தான் என்றால் முட்டையை அவித்துத் தரலாம். வெறும் சோறும் தயிரும் தரலாம். சப்பாத்தியை எண்ணெய் தடவாமல் போடலாம். இதில் எதுவும் உங்கள் மரியாதைக்குக் குறைவாகப்பட்டால் நான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவயானிக்குக் கால் வீக்கம் குறைந்ததா? அவளிடம் போனில் கேட்டால் "எல்லாம் சரியாயிருக்குப்பா" என்று மட்டும் சொல்கிறாள்.

தங்கள் அன்புள்ள,
அ. சீனுவாசன்


திண்டிவனம்
19.6.2025

சம்பந்தி வாத்தியாருக்கு,

ஆஸ்பத்திரியில குடுக்கறதெல்லாம் என் கடையில போடறதில்ல. ஞாயித்துக்கெழம மதியம் வாங்க. கூட்டம் இருக்கற நேரமா வாங்க. சில்லி பரோட்டா, சிக்கன் ரைஸ். நெய் டப்பா விழுப்புரத்துலயே இருக்கட்டும்.

கால் வீக்கத்த நாங்க பாத்துக்கறோம்.

ராஜசேகர்


விழுப்புரம்
23.6.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். நடு மேசையில் உட்கார்ந்தேன். வைத்ததைச் சாப்பிட்டேன். நீங்கள் எதிரில் நின்று, "இன்னா வாத்தியாரே, எண்ணெய் எப்டி கீது?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். "சத்தமா சொல்லுங்க, பாடம் எடுக்கறப்ப இப்டிதான் சொல்வீங்களா?" என்றீர்கள். சத்தமாகவும் சொன்னேன். பூமாலை தண்ணீர் வைக்க வந்தபோது குனிந்து, "போதும் சார், வெச்சிருங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார். ஒரு குறையும் சொல்ல இடம் தரக்கூடாது என்று தட்டைக் காலி செய்தேன்.

வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்தேன். வழக்கம்போல இருந்தது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெயம்தான் என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

சீமந்தத்துக்கு நாள் சொல்லுங்கள். காத்திருக்கிறோம்.

தங்கள் அன்புள்ள,
அ. சீனுவாசன்


திண்டிவனம்
28.6.2025

வாத்தியாருக்கு,

உங்க கடுதாசிய கல்லாவுல நின்னு எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். உடம்புக்கு ஒன்னும் ஆவலன்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. அப்போ மொத தடவ எண்ணெய் இன்னான்னு கூவினீங்களே, அது எதுக்கு? உடம்புக்குப் பயந்துதான்னா ஞாயித்துக்கெழம மட்டும் எப்படி எறங்குச்சு? அன்னிக்கு என்னிய அசிங்கப்படுத்தணும்னுதான் கேட்டிருக்கீங்க. இப்ப தெளிவாயிடுச்சு.

சீமந்தத்த நானே இங்க பண்ணிக்கறேன். பத்திரிகை வரும். விருந்தாளியா வந்துட்டு, தின்னுட்டு, போய்க்கினே இருங்க. பொண்ணு வராது.

ராஜசேகர்


விழுப்புரம்
4.7.2025

ராஜசேகர் அவர்களுக்கு,

இன்று காலை நீங்கள் கடைக்குக் கிளம்பிய பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் அப்படி வந்தேன்.

இத்தனை கடிதங்களில் நாம் எண்ணெயைப் பற்றி எழுதினோம், மரியாதையைப் பற்றி எழுதினோம். தேவயானிக்கு என்ன வேண்டும் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று கேட்டேன். "எனக்கு அம்மா வேணும்பா" என்றாள். பிறகு, "நீ தின்னுட்டுப் போனத மாமா டெய்லி சொல்லிச் சொல்லி சிரிக்கறாரு. நான் உள்ள நின்னு கேட்டுக்கினே இருக்கேன். நீ எதுக்குப்பா அங்க போய் ஒக்காந்த?" என்றாள். மாப்பிள்ளை கார் சாவியை எடுத்தார். அவர் மேல் கோபப்பட வேண்டாம். சம்பந்தியம்மாள் தடுக்கவில்லை, அவர்மேலும் வேண்டாம்.

தேவயானி இப்போது இங்கே படுத்துத் தூங்குகிறாள். பத்திரிகை, பந்தல் எதுவும் இல்லாமல் ஜெயம் அவளுக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி இறங்கியது என்று கேட்டிருந்தீர்கள். பயத்தோடுதான் இறங்கியது. பெண் வருவாள் என்று நம்பிச் சாப்பிட்டேன். எண்ணெயைப் பற்றிய என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. அது தவறான சந்தேகமாகவும் இருக்கலாம். ஆனாலும் இனிப் போகிற கடையிலெல்லாம் என்ன எண்ணெய் என்று கேட்பேன். காது கேட்கும்படியே கேட்பேன். உங்கள் கடையில் மட்டும் கேட்க மாட்டேன். அங்கே வர மாட்டேன். இந்தக் கடிதத்தையும் நீங்கள் கல்லாவில் நின்று படித்துக் காட்டலாம்.

குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளை உங்களுக்குச் சொல்வார். நீங்கள் வர வேண்டும். அது உங்கள் பேரக்குழந்தை. உட்கார நாற்காலி போடுவேன். ஜெயம் காபி கொண்டுவந்து வைப்பாள். குடிக்காமல் எழுந்து போனால், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அ. சீனுவாசன்