பாப்பாவைத் திருப்பி அனுப்ப மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். உங்கள் முதுகுவலி தேவலையா?

தங்கச்சிப் பாப்பாவைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, திரும்ப உங்களிடமே அனுப்பிவிடலாம் என்று அம்மா போனில் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விமானம் இறங்கும்போது பாப்பா வீறிட்டு அழுதாள். முன் இருக்கைக்காரர் திரும்பி, "பிள்ளைய அடக்கத் தெரியாதவங்க ஏன் பிளேன்ல ஏறுறீங்க?" என்றார். அம்மா மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை.

"காது அடைக்குது அங்கிள். நீங்க எச்சில் முழுங்கிக்குவீங்க, ஒன்றரை வயசுக்கு அது தெரியுமா?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். புத்தகத்தில் படித்தபடி பாப்பாவுக்குத் தண்ணீர் புகட்டினேன், அழுகை நின்றது.

"ஊரெல்லாம் இவளுக்காகச் சண்டை போடுவியா?" என்று அம்மா இன்னும் திட்டுகிறார். போடுவேன்.

உங்கள் தோள்துண்டு ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். பாப்பாவுக்குத்தான் கேட்கிறேன்.

அம்மா வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் பெரியவள்