நடந்தே போவம்

சிவமயம்

தெல்லிப்பழை,
12.06.1964

அன்புள்ள அருமைநாயகி அக்காவுக்கு,

என் கையெழுத்து உங்களுக்குத் தெரிந்திராது. நான் இராசமலர், உங்கள் தங்கச்சி மீனாம்பிகை இருந்த வீட்டுக்குச் செல்வரட்ணத்தின் இரண்டாந்தாரமாக வந்தவள். கலியாணத்துக்குச் சொல்லி அனுப்பியும் நீங்கள் வரவில்லை. அதை நான் குறையாக எடுக்கவில்லை. நீங்களும் தில்லைநாதன் அத்தானும் பரந்தனில் சுகமாயிருப்பீர்கள், மீனாம்பிகை அக்கா உங்களிடம் விட்டுப்போன பிள்ளை பராசக்தி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவாள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு இப்போது ஐந்து மாதம். கலியாணம் முடித்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு, முப்பத்தொரு வயதில். சொல்ல எனக்குத் தாயில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து இவர் என்னை எழும்ப விடுவதில்லை. தோட்டத்துக்குப் போகுமுன் தண்ணீர் அள்ளி எல்லாப் பானையும் நிரப்பிவிட்டு, கிணற்றுக் கயிற்றைக் கழற்றித் தன்னோடு கொண்டு போய்விடுகிறார். அம்மியில் கை வைக்கக்கூடாது. முற்றம் கூட்டக்கூடாது. மத்தியானம் வெங்காயப் பாத்தியிலிருந்து ஓடி வந்து நான் பாயில் கிடக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அன்பில்தான் செய்கிறார், ஆனால் மூன்று மாதம் கிடந்ததில் என் கால் இரண்டும் வீங்கிவிட்டன. சாப்பாடு இறங்குவதில்லை. ஒரு காரணமும் இல்லாமல் அழுகை வருகிறது.

போன கிழமை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த நேர்ஸ் மிஸ்ஸி என் காலை அமத்திப் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டா. “உம்மடை மனுசிக்கு வருத்தமில்லை. பிள்ளைதான் வயித்திலை. காலமையும் பின்னேரமும் நடக்கவிடும், பாரம் தூக்காமல் வீட்டு வேலையைச் செய்யவிடும்” என்றா. இவர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், “நடந்து வேலை செய்துதான் மீனாம்பிகையும் போனவள்” என்று சொல்லிவிட்டு என்னைக் காரில் ஏற்றினார்.

பிள்ளைக்கு ஒரு சாமானும் வாங்கவும் விடுகிறார் இல்லை. உள் அறையில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. வலைத் தொட்டில், குழந்தைச் சட்டைகள், உறை பிரிக்காத சோப் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மீனாம்பிகை அக்காவோடு போய்விட்ட பிள்ளைக்கு முன்கூட்டியே ஆசைப்பட்டு வாங்கியவை என்று அயலட்டைப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அதைத் தொட்டதில்லை.

அக்கா, கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். பேறு பார்க்க வந்து கூட நின்றவர் நீங்கள். மீனாம்பிகை அக்காவுக்கு என்ன நடந்தது? புகையிலை வெட்டுக்கு அவவை விட்டது தான் செய்த பிழை என்று இவர் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அது உண்மையா? உண்மையென்றால் நான் கிடந்தபடியே கிடக்கிறேன். இல்லையென்றால் நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

பராசக்திக்கு என் முத்தம். சின்னம்மா என்று சொல்லிக் கொடுங்கள், விருப்பமிருந்தால்.

தங்கள் அன்பை வேண்டும்,
இராசமலர்


தெல்லிப்பழை,
09.07.1964

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாலு பக்கக் கடிதம் இரண்டு கிழமைக்கு முந்தி, ஒரு திங்கட்கிழமை வந்தது. இவர் தோட்டத்தில் நின்ற நேரம். மூன்று தரம் வாசித்தேன்.

ஆறாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் மீனாம்பிகை அக்காவுக்கு நோவில்லாமல் இரத்தம் பட்டதையும், ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிடுவார்கள், வெட்டுக்கு ஆளில்லாமல் போய்விடும் என்று பயந்து உங்களிடம் மட்டும் சொல்லிச் சத்தியம் வாங்கியதையும் எழுதியிருந்தீர்கள். இரத்தம் நில்லாமல் காருக்கு ஆள் ஓடின அந்தக் காலமை வரைக்கும் நீங்கள் வாய் திறக்கவில்லை என்றும், அதன் பிறகு திறக்கத் தைரியம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் மை கரைந்திருந்தது.

அடுத்த கிளினிக்கில் பெயர் சொல்லாமல் மிஸ்ஸியிடம் கேட்டேன். சில பேருக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்துக்கொண்டு கிடக்குமாம், அது வேலை செய்ததால் வருவதில்லையாம். முன்னமே கொண்டு வந்திருந்தால் ஏதும் செய்து பார்த்திருக்கலாம் என்றும் சொன்னா. இதை உங்களுக்கு எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் எனக்கு உண்மை சொன்ன பிறகு நான் மறைப்பது சரியில்லை.

எனக்கு அப்படி ஒன்றுமில்லை என்று டொக்டரும் பார்த்துச் சொல்லிவிட்டார்.

கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். “நாலு வருஷம் நான் சோத்தைத் தின்னேல்லை, மண்ணைத் திண்டனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றார். அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள், பராசக்தியைக் கூட்டி வரப்போகிறேன், அங்கே விட்டு வைக்கமாட்டேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நான் வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றேன். தாயை இழந்த பிள்ளையிடமிருந்து இன்னொரு தாயையும் பறிக்கவோ போறியள் என்று கேட்டேன். இந்த வீட்டுக்கு வந்து நான் அவரை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தரம். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. திரும்பி உள்ளே போனார்.

மூன்றாம் நாள் காலமை கிணற்றுக் கயிறு பழைய இடத்தில் கிடந்தது. கிளினிக் நாள் அது. “நடந்தே போவம்” என்றார். நான் நடந்தேன், அவர் பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், களைத்தால் இருத்துவதற்காம். நான் களைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் காலமை ரயில் கடவை வரை போய் வருகிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டது. இரவில் பிள்ளை துடிப்பது தெரிகிறது.

பராசக்தி ஒரு தரம் இங்கே வந்தால் திரும்ப விடமாட்டோம் என்று பயந்துதான் இத்தனை காலம் அவளை இங்கே அனுப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அனுப்ப வேண்டாம். நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐப்பசி நடுவில் எனக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். பேறு பார்க்க நீங்கள்தான் எனக்கு வேண்டும். உங்களை விட்டால் ஆளில்லாமல் கேட்கவில்லை. மருதனார்மடத்தில் என் பெரிய தாயார் இருக்கிறா, வருகிறேன் என்று சொல்லியும்விட்டா. நான்தான் பொறுக்கச் சொன்னேன்.

இந்தப் பயம் எனக்குக் கிட்ட வரும்போது, அதை முன்பு கண்ட ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் நின்றால், எனக்கு ஏதும் ஆனால் பிள்ளையை எங்கே கொடுப்பது என்றும் யோசிக்கத் தேவையில்லை. வாருங்கள் அக்கா.

உங்கள் தங்கச்சி,
இராசமலர்


தெல்லிப்பழை,
02.11.1964

அன்புள்ள அத்தான்,

இராசமலருக்குப் பெண் பிள்ளை. புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். முதலில் இதைச் சொன்னால்தான் நீங்கள் மிச்சத்தை ஆறுதலாக வாசிப்பீர்கள்.

நானும் பராசக்தியும் பரந்தனிலிருந்து வந்து முதல் பதினைந்து நாளும் செல்வரட்ணம் என் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லுச் சொல்லவில்லை. நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்துவிடவும் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் இராசமலர், “அக்கா, நடப்பம்” என்று வந்து நிற்பாள். இரண்டு பேரும் தோட்டக் கரையால் போவோம். கடைசிக் கிழமையில் அவள் மெல்ல மெல்லத்தான் நடந்தாள், ஆனாலும் ஒரு நாளும் விடவில்லை. ஒரு நாள் பிள்ளையைப் போட்டு ஆட்ட ஏணை கட்டுவதற்கு என் பழைய சேலை ஒன்று தரச்சொல்லிக் கேட்டாள். புதுச்சேலை வாங்கித் தருகிறேன் என்றேன். “பழசுதான் பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும்” என்றாள். நீலக்கரைச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன்.

புதன் காலமை அவளுக்குப் பேற்றுநோக் கண்டது. நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்வரட்ணம் அறை வாசலில் வந்து நின்றார். “மச்சாள், இரத்தம் ஏதும் பட்டதோ? எனக்கு மறையாதேங்கோ” என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த முதல் கதை. “இல்லை ராசா, ஒண்டும் படேல்லை. பட்டால் முதல் உமக்குத்தான் சொல்லுவன்” என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கார் கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் இருந்தோம். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்த மிஸ்ஸி அவரிடம் நீட்ட, “மச்சாளிட்டைக் குடுங்கோ முதல்” என்றார். அத்தான், நான் வாங்கினேன்.

மீனாம்பிகை என்று பெயர் வைப்போமா என்று இராசமலர் என்னிடம் கேட்டாள். வேண்டாம், இது தன் சொந்தப் பெயரோடு வளரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இனி எங்கள் பராசக்தி. வந்த அன்றைக்கு என் சேலைத் தலைப்பை விடாமல் நின்றவள், இப்போது ஏணையடியை விட்டு எழும்புகிறாள் இல்லை. தகப்பனோடு தோட்டத்துக்குப் போகிறாள். நேற்று அவர் சைக்கிளின் பின்கரியரில் பஞ்சு வைத்துத் தைத்த இருக்கை ஒன்று கட்டினார். கீழே கால் வைக்க இரும்புக் கம்பி பூட்டினார். பிள்ளையை இருத்திக் காலை அளந்து, கம்பியைக் கழற்றி, திரும்ப மேலே ஏற்றிப் பூட்டினார். ஒரு நாள் இரண்டு நாள் சவாரிக்கு ஒருவரும் அப்படி அளந்து பூட்டமாட்டார்கள். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை, அத்தான். கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும். இன்று காலமை தலை இழுத்துப் பின்னிவிடும்போது பிள்ளைதான் கேட்டாள், “பெரியம்மா, நான் இஞ்சை நிண்டால் நீங்கள் அழுவீங்களோ?” என்று. இல்லை என்றேன். லீவுக்கெல்லாம் பரந்தனுக்கு வருவாளாம். பெரியப்பாவின் மாட்டுக்கன்றுக்குத் தான்தான் பெயர் வைக்க வேண்டுமாம், அதற்குள் வைத்துவிட வேண்டாமாம்.

பிள்ளையை இங்கே விடுவதென்று உங்களைக் கேளாமல் நான் முடிவெடுத்துவிட்டேன். கோபிக்கலாம். ஆனால் வந்து கோபியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வாருங்கள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். பச்சைச் சட்டையும் பூப்போட்ட சட்டையும் கொடியில் கிடக்கும். கொப்பிகள் மாடத்தில் இருக்கின்றன. புதுத் தலையணையைக் கட்டிக்கொண்டு வாருங்கள். அவளுடைய பழைய சின்னத் தலையணை அங்கேயே நம்முடைய பாயில் கிடக்கட்டும். அதன் உறையைத் தோய்க்கப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
அருமைநாயகி