அதே குழி, அதே பாலம்

11.6.1995, ஞாயிறு

இன்று மில் லீவு. திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவதாக என் மனைவி செல்வியிடம் சொல்லியிருந்தேன். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமைக் காலையில் கையில் எடுத்ததுதான் தப்பு. ஒரு பொம்மை ஓடுகிறது, குழியைத் தாண்டுகிறது, பாலத்தில் ஏறுகிறது. அடுத்த ஸ்டேஜிலாவது வேறு ஏதாவது வரும் என்று பார்த்தால் அதே குழி, அதே பாலம். எரிச்சலாக வந்தது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

பட்டுச்சேலை கட்டிக் கிளம்பி நின்ற செல்வி, "பஸ்ஸு போயிரும். வாரியளா, இல்லியா?" என்றாள்.

"இந்த ஒரு ஸ்டேஜ் மட்டும்."

பஸ் போய்விட்டது. பன்னிரண்டாவது ஸ்டேஜையும் முடித்தேன். மறுபடி முதல் ஸ்டேஜே வந்து நின்றது.

சேலையை மடித்துக்கொண்டே செல்வி சொன்னாள்: "மில்லுல நாள் பூரா நின்னா நூலாவது வருது. இதுல என்ன வந்துது?"

பாழாய்ப்போன பேட்டரியாவது காலையிலேயே தீர்ந்து தொலைந்திருக்கலாம்.