கல்லில் பாடிய ஹின்னி

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ காய்ந்த தோசைக்கல்லில் வெண்ணெயைப் போட்டார்கள். சுர்ரென்ற சத்தமும் பின்னாலேயே அந்த வாசனையும் சுவரைத் தாண்டி வந்தபோது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு தாள்கூட ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலுக்குப் போய் மழை விட்டதா என்று பார்த்தேன், மறுபடி உள்ளே வந்தேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நாற்பது நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை முதலிலிருந்து சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கேள்.

குற்றாலத்தில் நர்ஸம்மா வீட்டில் நீ சமைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் மூட்டை கட்டிப் போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும் அந்த அம்மாள் மட்டும் போகாமல் அந்தப் பழைய பங்களாவில் இருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். உன்னையும் உன் தகரப் பெட்டியையும் பின்கட்டு அறையில் வைத்துக்கொண்டவர். கொழும்புக்குப் போன உன் புருஷன் திரும்பவில்லை. உனக்கு அந்த அறையை விட்டால் வேறு வீடு கிடையாது.

நான் தென்காசியில் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஞாயிறுதோறும் சாமான் வாங்க பஸ்ஸில் வருவாய். டப்பாக்களில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லக் கேட்டு என் வீட்டுக்கு வந்ததில் தொடங்கிய சிநேகிதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்:

"ஏட்டி டீச்சரு, அம்மா ஒரு பலகாரம் கேக்காவட்டி. சிங்கிங் ஹின்னியாம். கல்லுல போட்டா பாடுமாம்!"

"பாடுமா? யாரு சுட்டுக் குடுத்ததாம்?"

"அவுக அம்மா. பத்து வயசுல ஹாஸ்டல்ல கொண்டு விட்டுட்டாவளாம். செய்முறை ஒண்ணும் தெரியாதுங்காவ. ருசி மட்டும் நாக்குல நிக்குதாம்."

இங்கிலாந்தின் வடகோடியில் நார்த்தம்பர்லாந்து என்று ஒரு பக்கம். அங்கே மட்டும் செய்வார்களாம். என்னிடம் இருந்த இரண்டு இங்கிலீஷ் சமையல் புத்தகங்களிலும் அது இல்லை. லண்டன்காரர்களே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் போல. நீ விடவில்லை. செங்கோட்டையில் ஒரு பழைய பட்லர் இருந்தார், மலை எஸ்டேட்டில் துரைமார்களுக்குச் சமைத்தவர். அவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "ஹின்னின்னா ஹனி. தேன். அவனுவ நாக்கு அப்படித்தான் கொளறும்" என்றார் அவர், கொஞ்சமும் சந்தேகமில்லாமல். அன்றே ஐந்தருவிப் பக்கம் போய் மலைத்தேன் வாங்கினாய். மாவில் தேன் விட்டுப் பிசைந்து கல்லில் போட்டாய். அது பாடவில்லை. ஒட்டிக்கொண்டு கருகியது. பாதியைச் சுரண்டி எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்தோம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்லை" என்றார். பிறகு மூடியின் மேல் தணல் வைத்துச் சுட்டாய். தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் அவர் ஒழுங்காக ஒரு துண்டு தின்றுவிட்டு அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

இங்கிலாந்தில் சொந்த ஊரில் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். வீடு விற்ற தகராறில் முப்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவளுக்கு எழுதிக் கேட்கலாமே என்றதற்கு நர்ஸம்மா எழுந்து உள்ளே போகப் போனார். வாசலில் நின்று திரும்பி, "அதைத் தின்னா நான் ஊருக்குப் போயிருவேன். அதான் பயமா இருக்கு" என்றார். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனால் நீ எங்கே போவாய்?

ஆனாலும் நீ சொன்னபடி, அவருக்குத் தெரியாமல், அந்த ஊர்க் கோயில் பாதிரியாருக்கு என் கையால் எழுதினேன். நர்ஸம்மாவின் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கத்தில் யாருக்காவது செய்முறை தெரியுமா என்று மட்டும்.

பதில் பள்ளி விலாசத்துக்கு வந்தது. எழுதியது பாதிரியார் இல்லை, அக்கா. பாதிரியார் என் கடிதத்தை நேரே அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மாவு, வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் சமபாகம், உலர்ந்த கறுப்புத் திராட்சை, உப்பு, கொஞ்சம் பால், சோடா மாவு. தேன் கிடையாது. ஹின்னி என்பது அந்தப் பக்கத்தில் பிரியமானவர்களைக் கூப்பிடும் சொல்லாம், நாம் 'கண்ணு' என்பதுபோல. கொழுப்பு உருகிக் கல்லில் சீறுவதுதான் பாட்டு. கடைசியில் இரண்டு வரி: 'அவளை வரச் சொல். வந்தால் நானே சுட்டுத் தருவேன்.' எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. வயசாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தைப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று. நீ இரண்டு ஞாயிறு வந்து, "லெட்டர் வந்துட்டாட்டி?" என்று கேட்டாய். இல்லை என்றேன், உன் முகத்தைப் பார்த்தே. மூன்றாவது ஞாயிறு உன் முகம் வாடியிருந்தது. "அம்மா ரெண்டு நாளா சோத்தத் தொடல. சன்னல் பக்கமே இருக்காவ" என்றாய். நான் பெட்டியைத் திறந்து கடிதத்தை நீட்டினேன்.

உனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண் தெரியும். உறையின் பின்னால் தென்காசித் தபால் முத்திரையைப் பார்த்தாய்.

"பதினெட்டு நாளாச்சேட்டி."

"அவுக போயிட்டா நீ எங்கன போவே?"

"என் பொழப்பப் பத்தி உன்கிட்ட நான் கேட்டனா? கேட்டனாட்டி?"

நீ என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

அன்று மத்தியானமே இருவரும் குற்றாலம் போனோம். பஸ்ஸில் நீ என் பக்கம் திரும்பவில்லை. பன்றிக்கொழுப்புக்கு எங்கே போவது, எல்லாம் வெண்ணெயாகவே இருக்கட்டும் என்றாய், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்டாய். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில் வெண்ணெய் உருகி, கீச்சென்று மெல்லிசாக ஆரம்பித்து, திராட்சைகள் வெடித்து, விட்டுவிட்டு, ஏறி இறங்கி ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் சமையலறை வாசலில் நர்ஸம்மா, செருப்பில்லாமல்.

"இதுதான்" என்றார். தின்பதற்கு முன்பே.

தின்றுவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் வாசித்தார். "அவ கை இப்படி நடுங்காதே" என்று மட்டும் சொன்னார். மறுநாளே கப்பலுக்கு எழுதினார். முந்தின கப்பலில் இடமெல்லாம் தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அடுத்த கப்பலில்தான் இடம் கிடைத்தது.

அவர் போனார். பங்களா கைமாறியது. நீ உன் தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாய், பள்ளி ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்தாய். நான் பயந்தது அவ்வளவுதான். அது ஒரு வாரத்தில் முடிந்துபோன கஷ்டம்.

பிறகு அவர் கடிதம் வந்தது, உன் பெயருக்கு. நான்தான் வாசிக்க வேண்டும். கப்பல் கரை சேர்வதற்கு ஆறு நாள் முன்னால் அக்காவை அடக்கம் செய்துவிட்டார்களாம். வாசிக்க வாசிக்க என் குரல் போய்விட்டது. நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். கை நிற்கவில்லை.

"முழுசும் வாசிச்சியாட்டி?"

"வாசிச்சேன்."

"சரி. பதில் எழுது, நான் சொல்லுதேன்."

சொல்லி முடித்ததும் கேட்டேன், கடிதத்தை நான் வைத்திருந்ததையும் எழுதட்டுமா என்று.

"அது உன் காரியம்லா. எழுதணும்னா நீ தனியா எழுது. என் லெட்டர்ல வேண்டாம்."

அதற்குப் பின் பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் கடிதங்களை உனக்கு வாசித்தேன், உன் பதில்களை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் உறையை ஒட்டுவதற்கு முன் என் பக்கம் ஒரு நிமிஷம் பார்ப்பாய். நான் ஒட்டிவிடுவேன். எழுதினாயா என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது எழுதியிருப்பேன். காய்ச்சலில் கிடந்த கடைசி வாரத்திலும், "அம்மாவுக்குச் சொல்லிரு" என்றாயே தவிர, எதைச் சொல்ல என்று சொல்லவில்லை.

நீ இறந்ததை அவருக்கு எழுத வேண்டியவள் நான் ஒருத்திதான். நாற்பது நாளாகத் தள்ளிப்போட்டேன். உன் சாவை எழுதினால், உன் பெயரில் இல்லாமல் என் பெயரில் எழுதும் முதல் கடிதம் அதுவாகிவிடும். அதில் இன்னொன்றை எழுதாமல் விட முடியாது.

இன்று எழுதினேன். மொத்தம் ஒரு பக்கம். மேல் பாதியில் நீ. கீழ்ப் பாதியில் பதினெட்டு நாள். உனக்காகச் செய்தேன் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். மழையிலேயே தபாலாபீஸுக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போட்டால் மனசு அடங்கும் என்று நினைத்தேன், அடங்கவில்லை. எண்பது வயசு மனுஷியின் தலையில் இதை இப்போது இறக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதற்கு நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் வர மூன்று வாரமாவது ஆகும். வராமலும் போகலாம். வந்தால் யார் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த அன்றைக்கே சத்தம்போட்டு, முழுசாக வாசிப்பேன்.