கடைசிப் பதினோரு பக்கங்கள்

செவ்வாய், இரவு

மதிப்புரையை நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும். போன முறையே தாமதம். இன்னொரு முறை ஆனால் புத்தகம் வேறு ஆளுக்குப் போகும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். மாதம் ஒரு மொழிபெயர்ப்பு நாவல், பத்திரிகையில் என் பெயரோடு ஒரு பக்கம். எனக்கென்று இருப்பது அவ்வளவுதான்.

இந்த நாவலில் ஒருத்தி குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, வேறு ஊரில் புதிதாக வாழக் கிளம்புகிறாள். அவள் ரயில் ஏறும் இடம் வரை நேற்று படித்தேன். இன்று எடுத்தால் கடைசிப் பதினோரு பக்கங்களைக் காணோம்.

“பாப்பா கிழிச்சிப் போட்டுக்கினு இருந்தாமா. கிழிஞ்ச பேப்பர்தானேன்னு புடவை மடிப்புல வெச்சிட்டேன்,” என்றார், என் மகளை இடுப்பில் வைத்திருந்த என் மாமியார். நெய்து முடித்த பட்டுப்புடவையில் ஜரிகை உரசாமல் இருக்க மடிப்புக்கு மடிப்பு தாள் வைப்போம். புடவை மதியமே கடைக்குப் போய்விட்டது.

அவர் மகன், என் கணவர், தறியில் இருந்தபடியே சிரித்தார். “இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்க? புள்ளைய வுட்டுட்டு எங்கமா போவா? திரும்பி வந்துட்டான்னு எழுது.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இறங்கிய ஊரில் அவள் எங்கே படுத்திருப்பாள், என்ன சாப்பிட்டிருப்பாள் என்று நானாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

அந்தப் புடவையை ஒரு கல்யாணப் பெண் பிரிப்பாள். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கட்டிக்கொள்வாள்.

‘இறுதியில் அவள் வீடு திரும்புகிறாள்’ என்று எழுதி, இப்போதுதான் அனுப்பினேன். பாப்பா இருமுகிறாள்.